ஒரு வோல்ட்டுக்கு இரண்டு பங்காளிகள்

கறுப்பு. எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு முனை பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கன்சோலில், மறுமுனை படத்தைக் கணினியில் பதிய உதவும் கட்டைவிரல் அளவுள்ள கேப்சர் கருவியில், கருவி மடிக்கணினியில். விளக்கு எரிகிறது, மென்பொருள் கருவியை அடையாளம் கண்டுகொண்டது, திரை மட்டும் அமாவாசை. அண்ணன் மகன் பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி வந்து இறங்கி அரை நாள்கூட ஆகவில்லை. பெட்டியில் துணி குறைவு, கன்சோலும் கேபிள்களும்தான் அதிகம். கோடை விடுமுறை முழுக்கப் பள்ளத்தூரில் எங்களோடு இருக்கப் போகிறான். கார்ப் பந்தயத்தில் அவன் செய்யும் சாகசங்களைப் பதிவு செய்து சென்னை நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும். "அயித்தை, நீங்கள்தான் வீடியோ வேலை செய்கிறீர்களே" என்று நம்பிக்கையோடு வந்திருந்தான்.

வீடியோ வேலை செய்கிறேன் என்பது உண்மைதான். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கிற ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். ஆனால் கோப்பு கைக்கு வந்த பிறகுதான் என் ராஜ்யம் தொடங்கும். கம்பியில் ஓடுகிற சிக்னலோடு எனக்கிருந்த பழக்கமெல்லாம் ஒன்றே ஒன்று: பழைய வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவது. அந்த அரைகுறை அறிவு எனக்குக் கை கொடுத்தது, காலையும் வாரியது.

முதலில் கேப்சர் கருவி பழுதா என்று பார்க்க வேண்டும். கன்சோலைக் கழற்றிவிட்டு இன்னொரு மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகினேன். படம் பளிச்சென்று வந்தது. ஆக, கருவி நலம். கன்சோலைத் தொலைக்காட்சியில் செருகினால் அதுவும் நலம். இரண்டும் நல்லவர்கள், சேர்ந்தால் மட்டும் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் எச்.டி.சி.பி. எனப்படும் பூட்டு. இன்டெல் உருவாக்கிய முறை. அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் முதலில் கைகுலுக்கிச் சாவி பரிமாறிக்கொள்ளும். எதிரே இருப்பது சாவி வைத்திருக்கும் தொலைக்காட்சி என்றால் படம் போகும். பதிவு செய்யும் கருவி என்றால் போகாது. திரைப்படத் தட்டுகளைப் பிரதி எடுப்பதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் பிளேஸ்டேஷன் 3-இல் எச்.டி.எம்.ஐ. வழியாக எது போனாலும், விளையாட்டோ வெறும் மெனுவோ, பூட்டிக்கொண்டேதான் போகும். அமைப்புகளில் எங்கே தேடினாலும் அதை அணைக்கும் வசதி கிடையாது. அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் முதலில் இதே கதைதான். 2014-இல் வந்த 1.70 மென்பொருள் மேம்படுத்தலில்தான் விளையாட்டுக்கு மட்டும் பூட்டை அணைத்துக்கொள்ளும் வசதி வந்தது. பையன் கையில் இருப்பது 3.

காரைக்குடியில் கேபிள் வாங்கப் போன கடையில், "ஒரு ஸ்பிளிட்டர் போடுங்கள், சில ஸ்பிளிட்டர்கள் அந்தப் பூட்டையே கழற்றிவிடும்" என்றார் கடைக்காரர். ஒரு படத்தை இரண்டு திரைக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் ஸ்பிளிட்டர். சில மலிவான பெட்டிகள் அப்படிச் செய்வது உண்மைதான். எந்தப் பெட்டி செய்யும், எது செய்யாது என்பதை அட்டைப் பெட்டியில் எழுதியிருக்காது. வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட, இத்தகைய பூட்டுகளை உடைப்பது பற்றி நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ என்று ஒரு பிரிவே சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையனின் கார்ப் பந்தயத்துக்காக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தேவையும் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது.

மச்சில் ஒரு தகரப் பெட்டியில் என் கல்லூரிக் காலத்துப் பிளேஸ்டேஷன் 2 கிடந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு, நான் ஏதோ ஓலைச்சுவடியை எடுத்துக் காட்டியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். அதன் கேபிளைச் சும்மா கன்சோல் 3-இன் பின்புறம் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது! பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூன்றுக்கும் பின்னால் இருக்கும் அந்தத் தட்டையான 'ஏ.வி. மல்டி அவுட்' துளை ஒன்றே. மறுமுனையில் நமக்கெல்லாம் பழகிய மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்கள். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் ஒலி. இந்த அனலாக் வழியில் விளையாட்டுக்கு எந்தப் பூட்டும் இல்லை. வாசலில் திண்டுக்கல் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வீடு.

கேசட் மாற்றப் பயன்படுத்தும் என் பழைய யு.எஸ்.பி. கருவியில் இந்த மூன்றையும் செருகினேன். கன்சோல் அமைப்பில் வெளியீட்டை எச்.டி.எம்.ஐ.யிலிருந்து காம்போசிட்டுக்கு, அதாவது இந்த மஞ்சள் பின் வழிக்கு, மாற்ற வேண்டும். திரையே தெரியாமல் எப்படி மாற்றுவது என்று குழம்ப வேண்டாம்: கன்சோலை அணைத்துவிட்டு, பவர் பொத்தானை இரண்டாவது 'பீப்' கேட்கும்வரை, ஏறக்குறைய ஐந்து நொடி, அழுத்திப் பிடித்தால் பட வெளியீடு தானாகத் திரும்பிக்கொள்ளும். மடிக்கணினித் திரையில் படம் வந்தது. கறுப்பு வெள்ளையில், உருண்டுகொண்டே. என் கருவிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறைக்குத் தாவிவிடும். 'பால் பி' என்று மாற்றினேன், நிறம் வந்தது. (பால் என்றதும் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையின் பெயர் அது என்று விளக்கினேன். காபி கிடைக்காது என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.)

பையன் விளையாட உட்கார்ந்தான். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. இரண்டாவது வளைவிலும். "அயித்தை, நான் திருப்பிய பிறகுதான் அது திரும்புகிறது" என்றான். தாமதம்! கேசட் மாற்றும்போது இது எனக்குத் தெரிந்ததே இல்லை. 1990-களின் தாலி கட்டும் காட்சி அரை நொடி தாமதமாகத் திரையில் வந்தால் யாருக்கு என்ன? அங்கே யாரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. கேப்சர் கருவி படத்தை எண்களாக மாற்றி, யு.எஸ்.பி. வழியே அனுப்பி, மென்பொருள் வரிசையில் நிறுத்தி வரைவதற்குள் பந்தயக் கார் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஸ்பிளிட்டர் தேவைப்படுவது இதற்காகத்தான். கன்சோலிலிருந்து வரும் படத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராகத் தொலைக்காட்சிக்கும் இன்னொன்றைக் கணினிக்கும் அனுப்ப வேண்டும். விளையாடுகிறவன் தொலைக்காட்சியைப் பார்ப்பான். கணினி தன் பாட்டுக்குத் தாமதமாகப் பதிந்துகொள்ளும். கன்சோலிலேயே எச்.டி.எம்.ஐ., ஏ.வி. இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் வருமா என்று பார்த்தேன். ஒலியை இரண்டிலும் அனுப்பும் வசதி உண்டு. படம் ஏதாவது ஒன்றில்தான்.

பிரிப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்! ஒரு ஆண் முனை, இரண்டு பெண் முனை உள்ள 'ஒய்' பின்கள் மூன்று வாங்கி வந்தேன். வீட்டின் பொதுக் கூடமான பட்டாலையில் இருக்கும் 21 அங்குலப் பழைய டப்பா டி.வி.க்கு ஒரு கிளை, மடிக்கணினிக்கு ஒரு கிளை. இரண்டிலும் படம் வந்தது. இரண்டிலும் அந்தி சாய்ந்துவிட்டது. பந்தயம் நண்பகலில் நடக்கிறது என்று விளையாட்டு சொல்கிறது. எங்கள் டி.வி.யில் மாலை ஆறரை. போதாக்குறைக்குப் படத்தின் மேல் விளிம்பு காற்றில் பறக்கும் வேட்டி முனைபோல் வளைந்து ஆடியது. ஒலியில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

ஏன் ஒலிக்கு ஒன்றும் ஆகவில்லை, படத்துக்கு மட்டும் இந்தக் கதி? மல்டிமீட்டரை எடுத்து டி.வி.யை அணைத்துவிட்டு அதன் மஞ்சள் துளையில் வைத்தேன். நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே 75 ஓம். வெள்ளைத் துளையில் வைத்தால் பல்லாயிரம் ஓம். அதிலேயே கதை முழுதும் இருக்கிறது.

காம்போசிட் வீடியோ என்பது உச்சிக்கு உச்சி 1 வோல்ட் சிக்னல். அதில் கீழேயுள்ள 0.3 வோல்ட், 'இங்கே வரி தொடங்குகிறது' என்று டி.வி.க்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு. மேலேயுள்ள 0.7 வோல்ட்தான் வெளிச்சம். கன்சோலுக்குள்ளே உண்மையில் 2 வோல்ட் இருக்கும். அதன் வாசலில் ஒரு 75 ஓம், டி.வி.யின் வாசலில் ஒரு 75 ஓம். ஆளுக்குப் பாதி என்று 1 வோல்ட் டி.வி.க்குக் கிடைக்கிறது. 'ஒய்' போட்டு இன்னொரு 75 ஓமைப் பக்கத்தில் உட்கார வைத்தால், அந்தப் பக்கம் மொத்தம் 37.5 ஓம் ஆகிவிடுகிறது. 2 வோல்ட்டில் இப்போது கிடைப்பது 0.67 மட்டும். வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஒத்திசைவுத் துடிப்பும் 0.2-க்கு இறங்கியதால் வரி எங்கே தொடங்குகிறது என்று டி.வி. தடுமாறுகிறது. அந்த வேட்டி ஆட்டம் அதுதான். ஒலி வாங்கும் துளைகளுக்கோ பசியே இல்லை. பல்லாயிரம் ஓம் என்றால் தொட்டும் தொடாமலும் குடிக்கும் ஆள். இரண்டு பேர் என்ன, நான்கு பேர் வந்தாலும் பந்தி குறையாது.

இந்த ஊரில் இதை விளக்குவது எளிது. எங்கள் வீட்டில் நடுமுற்றமான வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் பங்காளிகளுக்கு ஆளுக்கு ஒன்று இரண்டு என்று பிரிந்தவை. முகப்பும் பட்டாலையும் எல்லோருக்கும் பொது. ஒலி என்பது பட்டாலை, எத்தனை பேர் உட்கார்ந்தாலும் உட்காரலாம். படம் என்பது அறை, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "பாகப்பிரிவினையை இதற்குள் இழுக்காதே" என்றார்.

ஆக, வேண்டியது மின்சாரம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஸ்பிளிட்டர். உள்ளே வரும் 1 வோல்ட்டை ஒருவரே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனிப் பெருக்கி வைத்துப் புதிதாக 1 வோல்ட் கொடுக்க வேண்டும். மறுபடி கடைக்குப் போனேன். "மூன்று டி.வி.க்குப் பெட்டி" என்று கேட்டு வாங்கி வந்தது மூன்று பொத்தான் வைத்த பெட்டி. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் மின் இணைப்புக்கே இடம் இல்லை. அது செலக்டர்: மூன்று கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு டி.வி.க்கு அனுப்புவது. திருப்பி மாட்டினால் ஒரு கருவியை மூன்று டி.வி.யில் ஏதாவது ஒன்றுக்கு அனுப்பும், ஒரே நேரத்தில் இரண்டுக்கு அனுப்பாது. வாங்கும்போது பொத்தான் இருந்தால் சந்தேகப்படுங்கள், அடாப்டர் துளை இருந்தால் நம்புங்கள். எச்.டி.எம்.ஐ. பெட்டிகளிலும் 'ஸ்விட்ச்', 'ஸ்பிளிட்டர்' என்று இதே குழப்பம் உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளையும் எட்டிப் பார்த்தேன். பர்மா தேக்குத் தூண், எனாமல் பாத்திரம், வெளிநாட்டுக் கண்ணாடி எல்லாம் கிடைத்தன. 2000-ஆம் ஆண்டுச் சாமான் இன்னும் பழம்பொருள் ஆகவில்லை போலிருக்கிறது. தூக்கிப் போடுவதற்குப் புதிது, விற்பதற்குப் பழசு.

கடைசியில் அது கிடைத்த இடம் என் தொழிலிலேயே இருந்தது. முன்பெல்லாம் கல்யாண மண்டபத்தில் மணமேடை வீடியோவைச் சாப்பாட்டுக் கூடத்திலும் வாசலிலும் டி.வி. வைத்து ஓட்டுவார்கள், நினைவிருக்கிறதா? கேமராவிலிருந்து ஒரு கேபிள், அங்கிருந்து நான்கு டி.வி. அதற்கு நடுவே ஒரு பெட்டி இருக்கும். எனக்கு வேலை கொடுக்கும் வீடியோ அண்ணன் ஒருவரைக் கேட்டேன். "பரணில் கிடக்கும், எடுத்துக்கொள்ளம்மா, தொலைத்துவிடாதே" என்றார். ஒரு உள்வழி, நான்கு வெளிவழி, ஒரு அடாப்டர். மேலே மஞ்சள் தடவிய விரல் அடையாளம் இன்னும் இருந்தது. எந்த முகூர்த்தத்து மஞ்சளோ!

செருகினேன். நண்பகல், நண்பகலாகவே இருந்தது. டி.வி.யில் பந்தயம், மடிக்கணினியில் அதே பந்தயம். பையன் முதல் வளைவில் திரும்பினான், மோதவில்லை.

இரண்டு திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் தாமதத்தை அளந்தும் பார்த்தேன். கைப்பேசியில் நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் மெதுவோட்ட வசதி இருக்கிறது. இரண்டு திரையும் தெரியும்படி வைத்துப் படம் எடுத்து, மெனு பளிச்சென்று மாறும் கணத்திலிருந்து எண்ணினேன். டி.வி. மாறி 31 முதல் 38 பிரேம் கழித்துத்தான் மடிக்கணினி மாறியது. அதாவது 0.13 முதல் 0.16 நொடி. கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றும். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் ஏழெட்டு மீட்டர் போய்விடும். சுவர் அதற்குள்தான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பழைய டப்பா டி.வி.க்கள் பலவற்றில் பின்னால் 'ஏ.வி. அவுட்' என்று ஒரு வரிசை இருக்கும். உள்ளே வரும் படத்தை அப்படியே வெளியே தரும் வழி அது. உங்கள் டி.வி.யில் இருந்தால் ஸ்பிளிட்டரே வேண்டாம், அங்கிருந்து கேப்சர் கருவிக்கு ஒரு கேபிள் போதும். எங்கள் டி.வி.யிலும் இருந்தது. இரண்டு துளை உடைந்து உள்ளே போயிருந்தது. பையனின் அப்பா, அதாவது என் அண்ணன், பல ஆண்டுகளுக்கு முன் செய்த திருப்பணி.

சரி, முடிந்தது என்று ஓ.பி.எஸ். என்ற பதிவு மென்பொருளில் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். நாற்பது நிமிடம் நன்றாகப் போனது. மடிக்கணினி 'பேட்டரி குறைவு' என்றது. சார்ஜரைச் செருகினேன். அவ்வளவுதான்! டி.வி.யில் ஒரு மங்கலான பட்டை கீழிருந்து மேலே மெதுவாக ஊர்ந்து போகத் தொடங்கியது. ஒலியில் 'உம்ம்ம்' என்று கோவில் வண்டுபோல் ஒரு ரீங்காரம். சார்ஜரைப் பிடுங்கினால் இரண்டும் மறைந்தன. செருகினால் வந்தன.

இந்த ரீங்காரத்தின் ஊற்று கருவிகளில் இல்லை, வீட்டில் இருந்தது. பட்டாலையின் பிளக் பொது மீட்டரைச் சேர்ந்தது. மடிக்கணினிக்கு நான் இழுத்து வந்த வயர் எங்கள் அறையிலிருந்து, அதாவது எங்கள் பங்கு மீட்டரிலிருந்து. இரண்டு மீட்டர் வெவ்வேறு காலத்தில் வந்தவை, இரண்டுக்கும் எர்த் வேறு வேறு என்றுதான் முதலில் நினைத்தேன்; பட்டாலையில் எர்த்தே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எப்படியானாலும், இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் பிரச்சினையில்லை. இல்லாதபோது, அந்த வித்தியாசம் வீடியோ கேபிளின் வெளிவளையம் வழியாக ஓடிச் சமன் செய்யப் பார்க்கிறது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு படத்தில் பட்டையாகவும் ஒலியில் ரீங்காரமாகவும் தெரிகிறது. வாங்கி வந்த ஸ்பிளிட்டர் நல்லதில்லை என்று திட்டுகிற பலரின் கதை இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு மின்பணியாளரை அழைத்தேன். அவர் பட்டாலைப் பிளக்கின் மூன்றாவது ஓட்டையைச் சோதித்துவிட்டு, "இது அழகுக்கு வைத்தது ஆச்சி, உள்ளே வயரே இல்லை" என்றார். டப்பா டி.வி.க்கு இரண்டு முள் பிளக் என்பதால் இத்தனை காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் பங்கின் எர்த் குழியோ வறண்டு கிடந்தது. இந்தப் பக்கத்துச் செம்புறை மண்ணில் சித்திரை வெயிலில் ஈரம் எங்கே நிற்கும்? கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, குழியைச் செப்பனிட்டு, பட்டாலைக்கும் முறையான எர்த் இழுத்தார். பொது இடத்தில் கை வைக்கப் பங்காளிகள் மூவரிடம் தொலைபேசியில் ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் மலேசியா, ஒருவர் எதிர்ச்சாரி அறை. எதிர்ச்சாரியிடம் ஒப்புதல் வாங்கத்தான் நாளானது.

மின்பணியாளர் வருவதற்கு முன் தற்காலிகமாகச் செய்தது: டி.வி., கன்சோல், ஸ்பிளிட்டர், சார்ஜர் நான்கையும் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் செருகினேன். பட்டை முக்கால்வாசி குறைந்தது. சிலர் சார்ஜர் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்துவிடச் சொல்வார்கள். ரீங்காரம் போகும், கூடவே ஒருநாள் ஆளும் போகலாம். வேண்டாம். கேபிள்களைச் செருகுவதும் எல்லாவற்றையும் அணைத்த பிறகுதான். எர்த் இல்லாத பழைய வீட்டில் இந்த வண்ணப் பின்னின் வளையம் விரலைச் சுரீரென்று கடித்த அனுபவம் எனக்கு இரண்டு முறை.

ரீங்காரத்துக்குப் பயந்து சார்ஜர் இல்லாமலே பதிவு செய்த ஒரு நாள், பையன் வாழ்நாள் சாதனை ஒன்றைச் செய்தான். கடைசி இடத்திலிருந்து முதலிடம். அவன் கோட்டைத் தாண்டிய சில நொடிகளில் பேட்டரி தீர்ந்து மடிக்கணினி அணைந்தது. கோப்பு இருந்தது, திறக்கவில்லை. எம்.பி.4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, வழக்கமாகப் பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் செத்தால் அட்டவணை இல்லாத புத்தகம். எம்.கே.வி. வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை, எதுவரை எழுதியதோ அதுவரை ஓடும். முடிந்த பிறகு ஓ.பி.எஸ்.ஸிலேயே எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இது தொழில்முறையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம்வரை பேசவும் இல்லை. மாமியார் சுட்ட வெள்ளைப் பணியாரம்தான் சமாதானத் தூது போயிற்று.

படத்தின் நேர்த்தி பற்றிச் சொல்ல வேண்டும். காம்போசிட்டில் 720க்கு 576 புள்ளிகள், அதுவும் ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று மாறி மாறி நொடிக்கு 50 அரைப்படங்கள். அப்படியே பதிந்தால் ஓடும் காரின் விளிம்பு சீப்புப் பல்போலத் தெரியும். ஓ.பி.எஸ்.ஸில் அந்தக் கருவியின் பெயர்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, டீஇன்டர்லேசிங்கில் 'யாடிஃப் 2 எக்ஸ்' தேர்ந்தெடுத்தால் சீப்பு மறைந்து நொடிக்கு 50 முழுப்படம் கிடைக்கும். கார்ப் பந்தயத்துக்கு இது பெரிய மாற்றம். கல்யாண கேசட்டுக்கும் இதையே செய்கிறேன்.

ஆனால் எழுத்து? பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள் பெரும்பாலும் 720 வரி அகலத்திரைக்காகச் செய்தவை. வேகம், மீதமுள்ள சுற்று எல்லாம் பொடி எழுத்தில் வரும். காம்போசிட்டில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் போகின்றன. நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸில் சவாரி செய்கிறது, நுண்ணிய எழுத்தின் விளிம்பும் அந்த அக்கம்பக்கத்தில்தான் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று தவறாக எண்ணிக்கொள்ளும். விளைவு, 8 எது 6 எது என்று தெரியாத வானவில் எழுத்து. "நண்பர்கள் சிரிப்பார்கள்" என்றான் பையன்.

அதே துளையில் செருகும் காம்பொனென்ட் கேபிள் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படம்; கூடவே வெள்ளையும் இன்னொரு சிவப்பும் ஒலி. பச்சையில் வெளிச்சமும் ஒத்திசைவும், மற்ற இரண்டில் நிற வித்தியாசங்கள். பிரித்து அனுப்புவதால் 720 வரிப் படமும் தெளிவாகப் போகும். இதில் இரண்டு சிவப்பு என்பது வேண்டுமென்றே வைத்த பொறி என்று நினைக்கிறேன். முதல் முறை மாற்றித்தான் செருகினேன். சாலை, வானம், கார் எல்லாம் பச்சைப் பாசி பிடித்து, ஒலிபெருக்கி வெட்டுக்கிளிக் கூட்டம்போல் அலறியது. அப்புறம் பச்சையை மட்டும் முதலில் செருகப் பழகினேன். நல்ல கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் கன்சோலும் கேபிளும் சரி. அதன் பிறகு நீலம், சிவப்பு. படச் சிவப்புப் பின்னில் ஒரு நூலைக் கட்டிவைத்தேன்.

காம்பொனென்டைப் பிரிக்கும் மின்பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. சுற்றி வளைத்தேன். காம்பொனென்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சிறு பெட்டி ஒன்று, அதன் பின்னால் ஒன்றுக்கு இரண்டு எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர். ஒரு கிளை எங்கள் அறையின் எல்.இ.டி. டி.வி.க்கு, மறு கிளை முதல் நாள் அமாவாசை காட்டிய அதே கட்டைவிரல் கருவிக்கு. அனலாக்கிலிருந்து புதிதாகப் பிறந்த எச்.டி.எம்.ஐ. என்பதால் இதில் பூட்டு இல்லை. கருவி படத்தை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. கன்சோலில் காம்பொனென்ட், 720பி மட்டும் தேர்ந்தெடுத்தேன். ஓ.பி.எஸ்.ஸிலும் 1280க்கு 720, நொடிக்கு 60, எம்ஜேபெக் என்ற சுருக்கு முறை. இந்த எம்ஜேபெக் முக்கியம். சுருக்காத 720 வரிப் படம் நொடிக்கு 60 என்றால் ஏறக்குறைய 110 மெகாபைட் வரும், யு.எஸ்.பி. 2.0-இன் ஏட்டளவு உச்சமே 60 மெகாபைட்தான். குறுகிய சந்தில் தேர் போகாது, பிரித்துக் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

8 எட்டாகவும் 6 ஆறாகவும் தெரிந்தன. எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டரின் அடாப்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள். மின்சாரம் இல்லாமலும் கொஞ்ச நேரம் படம் வந்து ஏமாற்றும், அப்புறம் மின்னி மின்னி நிற்கும். எல்.இ.டி. டி.வி.யில் 'கேம் மோட்' போட்டால் அதன் சொந்தத் தாமதம் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் டப்பா டி.வி.யில்தான் கார் சொன்னபடி கேட்கிறது என்பது பையனின் தீர்ப்பு. அதில் படத்தை வாங்கி வைத்து யோசிக்க மூளையே கிடையாதே!

என் பிளேஸ்டேஷன் 2-ஐயும் இந்தப் புதிய வழியில் விட்டுப் பார்த்தேன். அது பெரும்பாலும் 576 வரி, மாறி மாறி வரும் படம்தான் தரும். கட்டைவிரல் கருவி அதை முகம் கொடுத்தும் பார்க்கவில்லை. அதற்குப் பழைய மஞ்சள் வழி, கல்யாண மண்டபப் பெட்டி.

பையன் ஊருக்குப் போன மறுவாரம் வீடியோ அண்ணனிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "இப்போது எங்கே யார் இதைக் கேட்கிறார்கள், நீயே வைத்துக்கொள்" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து கேசட் பிளேயரோடு இணைத்துவிட்டேன். முன்பெல்லாம் கேசட் மாற்றும்போது மடிக்கணினியின் மூலையில் தீப்பெட்டி அளவில் படம் ஓடும், நான் மட்டும் பார்ப்பேன். இப்போது ஒரு கிளை மடிக்கணினிக்கு, ஒரு கிளை பட்டாலை டி.வி.க்கு. மாமனார், மாமியாரின் சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) கேசட்டை மாற்ற உட்கார்ந்த அன்று, எதிர்ச்சாரி அறை உட்பட வளவில் இருந்த ஐந்து பெண்மணிகள் ஆத்தங்குடித் தரையில் வந்து அமர்ந்துவிட்டார்கள். இருபது நிமிடம் போனதும் மாமியார் குரல் கொடுத்தார். "நிறுத்து, நிறுத்து. அந்தப் பச்சைப் பட்டு யார் என்று பார்."

பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்த முடியாது என்றேன்.

"அப்படியென்றால் முடிந்ததும் முதலிலிருந்து போடு" என்றார்.

கேசட் மூன்று மணி நேரம்.